நெருப்பு அணைந்துவிட்டது, அப்புறம்?

வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். புகைக்கு அடியில் குனிந்து வெளியே வா, லிஃப்டில் ஏறாதே, துணியில் பற்றினால் ஓடாமல் தரையில் உருளு. சரி, தீ அணைந்து, தண்ணீர் வண்டியும் கிளம்பிப் போன பிறகு என்ன செய்வது? அதை யாரும் சொல்லிக்கொடுத்த மாதிரி தெரியவில்லை.

கறுத்து, நனைந்து, மூக்கைத் துளைக்கும் வாடையோடு வீடு எதிரே நிற்கும். அந்த நேரத்தில் சும்மா நிற்க யாராலும் முடியாது. துடைப்பத்தை எடுப்போம், சுவரைத் துடைப்போம், எரிந்ததை வாரி வெளியே போடுவோம் என்று கை பரபரக்கும். தீ விட்டுவைத்த பொருள்களில் பாதி இந்தப் பரபரப்பில்தான் கெட்டுப்போகிறது. எதை உடனே செய்ய வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும், அதற்கு என்ன காரணம் என்பதை இங்கே பார்க்கலாம். காரணம் தெரிந்துவிட்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் ஆட்கள். வீட்டுத் தீயில் நெருப்பு சுட்டு இறப்பவர்களைவிடப் புகையால் இறப்பவர்களே அதிகம். மெத்தை, சோபாவுக்குள் இருக்கும் பாலியூரித்தேன் நுரை எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் அதில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வைத்துச் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் அதே பாதி ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. 98 என்று காட்டிவிட்டு நிற்கும். தலைவலி, குமட்டல், குரல் கம்மல், விடாத இருமல், மூக்கோரத்தில் கரி என்று ஏதாவது இருந்தால் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். மூச்சுக்குழாய் வீக்கம் பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், முதல் நாள் இரவு யாரையும் தனியாகப் படுக்க விட வேண்டாம்.

உள்ளே போகலாமா?

தீயணைப்பு வீரர்கள் ‘போகலாம்’ என்று சொல்லும் வரை கூடாது. ஒரு நிமிடத்தில் பர்ஸை எடுத்துவந்துவிடுகிறேன் என்று நுழைவதற்கும் இது பொருந்தும். சுவருக்குள்ளும் பொய்க்கூரைக்கு மேலும் பஞ்சு மெத்தையின் நடுவிலும் நெருப்பு கனன்றுகொண்டே இருக்கும். சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றும். பேட்டரிகள் இன்னும் மோசம். செல்போன், மடிக்கணினி, மின்சார ஸ்கூட்டர் ஆகியவற்றில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி சூட்டில் அடிபட்டிருந்தால், ஓரிரு நாள் கழித்துக்கூடத் தானாகப் பற்றிக்கொள்ளும். அப்படிப்பட்டதைக் கண்டால் தொடாமல் தீயணைப்புத் துறையிடம் காட்டுங்கள்.

மின்சாரத்தையும் எரிவாயுவையும் பெரும்பாலும் தீயணைப்பு வீரர்களே நிறுத்திவிட்டுப் போவார்கள். திரும்பக் கொடுப்பது உங்கள் வேலை இல்லை. ஒயரின் மேலுறை உருகி உள்ளே கம்பியோடு கம்பி ஒட்டியிருப்பது வெளியே தெரியாது. எரியாத அறையில்தானே விளக்கு போடுகிறேன் என்று மெயின் சுவிட்சைத் தூக்கினால், இரண்டாவது தீவிபத்துக்கு நீங்களே விளக்கேற்றிய மாதிரி. எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்துச் சொல்லட்டும். எரிவாயுக் குழாயும் ரெகுலேட்டரும் அப்படித்தான். ரப்பர் குழாயை யோசிக்காமல் மாற்றிவிடலாம்.

கட்டிடம் நிற்கிறதே என்பதை மட்டும் வைத்து அது பலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஓர் அறை முழுவதும் பற்றி எரியும்போது கூரையருகே வெப்பம் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரும்பு விட்டமோ தூணோ 550, 600 டிகிரியில் தன் பலத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடும். கான்கிரீட் கொஞ்சம் வித்தியாசமானது. கலந்திருக்கும் ஜல்லியின் வகையைப் பொறுத்து, பல கான்கிரீட்டுகள் 300 டிகிரியைத் தாண்டினால் லேசான இளஞ்சிவப்பாக நிறம் மாறும். கரியைத் துடைத்துப் பார்க்கும் பொறியாளர் தேடுவது அந்த நிறத்தைத்தான். சிவந்த ஆழம் வரை கான்கிரீட்டின் பலம் குறைந்திருக்கிறது, குளிர்ந்தாலும் அது திரும்பாது. பூச்சு உப்பி, தட்டினால் ‘டொப்பு’ சத்தம் வந்தால், தளத்தில் கம்பி தெரியும்படி பாளமாகப் பெயர்ந்திருந்தால், அதற்கடியில் நிற்காதீர்கள்.

மரத்தைப் பற்றி நாம் நினைப்பது அநேகமாகத் தலைகீழ். பார்க்க முழுக்க அடுப்புக்கரியாகத் தெரியும் பருமனான மர உத்தரத்தின் உள்ளே நல்ல மரம் இருக்கலாம். மரம் நிமிடத்துக்கு 0.7 மில்லிமீட்டர் அளவில்தான் கரியாகிக்கொண்டே உள்ளே போகும். அரைமணி நேரத் தீயில் 2 சென்டிமீட்டர் போயிருக்கும், அவ்வளவுதான். அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வை மாதிரி இருந்து காப்பாற்றும். மெல்லிய சட்டத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. எது நிற்கும், எது விழும் என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவருக்குக் கொடுக்கும் கட்டணம் இந்த மொத்தக் கதையிலும் வீண்போகாத செலவு.

வீட்டில் இரும்புப் பெட்டகம் இருந்தால் இன்னொரு விஷயம். நகையும் பத்திரமும் உள்ளேதான் என்று ஓடிப்போய்த் திறந்துவிடாதீர்கள். கனமான பெட்டகம் பல மணி நேரம் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். உள்ளே காகிதம் பற்றிக்கொள்ளும் சூடு இருந்தும் ஆக்சிஜன் இல்லாததால் எரியாமல் இருக்கலாம். கதவைத் திறந்ததும் காற்று புகுந்தால், அத்தனை நேரம் தப்பித்த பத்திரம் கண்ணெதிரே பற்றிக்கொள்ளும். வெளியே கை வைத்துப் பார்த்து, துளிச்சூடு தெரிந்தாலும் மறுநாளுக்கு விட்டுவிடுங்கள்.

புகைக்கரி

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கலாம். வீட்டுத் தீக்குப் பின் சேதத்தை வளர்த்துக்கொண்டே போவது எரிந்த பொருள் அல்ல, எல்லா இடத்திலும் படிந்த கரி.

விறகடுப்புக் கரியை நினைத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். இன்றைய வீடு பாதி பிளாஸ்டிக். ஒயரின் உறை, தண்ணீர்க் குழாய், சில ஜன்னல் சட்டங்கள் எல்லாம் பிவிசி. பிவிசியின் எடையில் 57 சதவீதம் குளோரின். அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். காற்றின் ஈரமோ தீயணைக்க அடித்த தண்ணீரோ சேர்ந்ததும் அதுவே ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆக உங்கள் குழாய், கீல், பூட்டு, டிவிக்குள் இருக்கும் சர்க்யூட் எல்லாவற்றின் மேலும் படிந்திருப்பது அமிலம் கலந்த எண்ணெய்க்கரி. எரியாத அறையில் இருந்த பளபளப்பான குழாய்கூட ஒரு வாரத்தில் துருப்பிடிப்பது இதனால்தான்.

அப்படியானால் உடனே துடைக்க வேண்டாமா? உலோகத்தை, ஆமாம். குழாய், கைப்பிடி, பாத்திரம் போன்றவற்றைச் சீக்கிரம் சோப்புத் தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வைப்பது நல்லது. சுவரையும் துணியையும் சோபாவையும் மட்டும் ஈரத்துணியால் தொடாதீர்கள். சுவரின் மேல் பொடியாக உட்கார்ந்திருக்கும் எண்ணெய்க்கரியை ஈரத்தோடு தேய்த்தால் அது பெயின்ட்டுக்குள் ஏறி நிரந்தரக் கறையாகிவிடும். முதலில் உலர்ந்த முறையில் எடுக்க வேண்டும். நுண்துகளையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரைப் பிரஷ் இல்லாமல், சுவரில் படாமல் நெருக்கமாகப் பிடித்து இழுப்பது ஒரு வழி. இதற்கென்றே விற்கும் உலர்ந்த ரப்பர் பஞ்சால் ஒரே திசையில் இழுத்தெடுப்பது இன்னொன்று. அதற்குப் பிறகுதான் சோப்புத் தண்ணீர், அதுவும் கீழிருந்து மேலாக. சாதாரணமாகச் சுவரை மேலிருந்து கீழேதான் கழுவுவோம். இங்கே அப்படிச் செய்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு கோடாக ஒழுகி, அந்தக் கோடு போகவே போகாது. உட்கூரை கடைசியில்.

ஃபேன், ஏசி இரண்டையும் போடாதீர்கள். வாடை போகட்டும் என்று ஏசியைப் போட்டால், ஓர் அறையில் இருந்த கரி காற்றோடு மற்ற இடங்களுக்கும் போய்ச் சேரும். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும். டிவி, கணினி, ஹார்டு டிஸ்க் எதையும் ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று போட்டுப் பார்க்க வேண்டாம். கரி மின்சாரத்தைக் கடத்தும். நனைந்த ஹார்டு டிஸ்க்கிலிருந்து தரவை மீட்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நீங்கள் ஒருமுறை சுழலவிட்ட பிறகு அவர்களுக்கும் வேலை கஷ்டம். தீயணைக்கும் கருவியிலிருந்து அடித்த தூளும் ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும் என்பதால், அதையும் அள்ளிவிட வேண்டும்.

உள்ளே வேலை செய்யும்போது முழுக்கை சட்டை, கையுறை, கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ, என்95 முகக்கவசம் இவை வேண்டும். என்95 துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அதனால் தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். பழைய வீடாக இருந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ தகடோ உடைந்திருந்தால், பெருக்குவதே ஆபத்து. அதிலிருந்து கிளம்பும் நுண்ணிய இழை நுரையீரலில் தங்கிவிடும். குழந்தைகளையும் செல்லப்பிராணிகளையும் இந்தக் கட்டத்தில் கூட்டிவரக் கூடாது. நாயோ பூனையோ பாதத்தில் ஒட்டிய கரியை நக்கித்தான் சுத்தம் செய்யும்.

தண்ணீரும் கேமராவும்

தீயணைப்பு வீரர்கள் அடித்த தண்ணீர் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர். அது இப்போது தரைவிரிப்புக்கு அடியிலும் மரத் தளத்துக்குள்ளும் கீழ் வீட்டுக் கூரையிலும் இருக்கிறது. ஈரம் அப்படியே நின்றால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஆக தண்ணீரை வடிப்பதும் ஈரத்தை உலர்த்துவதும் அவசரமான வேலை.

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். ஒரு பக்கம், இன்சூரன்ஸ்காரர் பார்க்கும் வரை எதையும் தொடாதே என்கிறார்கள். மறுபக்கம், உலர்த்தாவிட்டால் பூஞ்சை. இரண்டும் உண்மைதான். பெரும்பாலான பாலிசிகளில் சேதம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் கடமை என்றே எழுதியிருக்கும். அதனால் முதலில் படம், பிறகு கை. ஒவ்வொரு அறையையும் வாசலில் நின்று, பின் நான்கு மூலையிலிருந்தும் வீடியோ எடுங்கள். அலமாரிகளைத் திறந்து உள்ளேயும் எடுங்கள். மின்சாதனங்களின் மாடல் எண் தெரியும்படி தனிப்படம். அப்புறம் தண்ணீரை வெளியேற்றுங்கள், உடைந்த ஜன்னலுக்குப் பலகை அடியுங்கள், கூரை ஓட்டைக்குத் தார்ப்பாய் போடுங்கள். எரிந்த பொருளை இடம் மாற்றலாம், தூக்கிப் போடக் கூடாது. அழுகி நாறுவதைப் போடத்தான் வேண்டும் என்றால், படம் எடுத்து, முடிந்தால் ஒரு துண்டை வைத்துக்கொண்டு போடுங்கள். தீ எங்கே ஆரம்பித்தது என்று சந்தேகப்படும் இடத்தை மட்டும், விசாரணை முடியும் வரை தொடவே கூடாது. தார்ப்பாய் வாங்கியதிலிருந்து தங்கிய அறையின் வாடகை வரை எல்லா ரசீதும் ஒரே உறைக்குள் போகட்டும். தற்காலிகத் தங்கல் செலவையும் பல பாலிசிகள் கொடுக்கின்றன.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு முதல் நாளே தகவல் சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் சொன்னாலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், யாரிடம் எப்போது பேசினோம் என்பதைக் குறித்துவையுங்கள். தீயணைப்புத் துறையின் அறிக்கை நகல் பின்னால் கட்டாயம் கேட்கப்படும், இப்போதே விண்ணப்பித்துவிடலாம். வீட்டுக் கடன் இருந்தால் வங்கிக்கும் சொல்ல வேண்டும். வீடு எரிந்தாலும் தவணை எரியாது.

பாலிசியில் இரண்டு விஷயத்தைத் தேடிப் பாருங்கள். ஒன்று, இழப்பை எப்படி மதிப்பிடுவார்கள் என்பது. புதிதாக வாங்க ஆகும் விலையைக் கொடுக்கும் பாலிசி உண்டு. பயன்படுத்திய ஆண்டுகளுக்குத் தேய்மானம் கழித்துக் கொடுப்பதும் உண்டு. பத்து வருஷ பீரோவுக்கு இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவது, குறைத்துக் காப்பீடு செய்திருக்கிறோமா என்பது. பிரீமியத்தை மிச்சப்படுத்த வீட்டின் மதிப்பில் பாதிக்கு மட்டும் காப்பீடு எடுத்திருந்தால், பல பாலிசிகளில் எந்தச் சேதத்துக்கும் பாதிதான் கிடைக்கும். சமையலறை மட்டும்தான் எரிந்தது, காப்பீட்டுத் தொகை அதைவிட அதிகம்தானே என்று வாதாட முடியாது. தீக்குப் பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை என்பது உண்மைதான். இன்னும் தீ காணாத வீட்டில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்காகச் சேர்க்கிறேன்.

பொருள் பட்டியல் எழுதுவதுதான் எல்லாவற்றையும்விட அலுப்பான வேலை. ஒரே மூச்சில் எழுத முயன்றால் பாதி விட்டுப்போகும். ஒவ்வோர் அறையாக, கண்ணை மூடி வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, வலப்பக்கச் சுவரிலிருந்து சுற்றி வாருங்கள். திருமணம், பிறந்தநாள் என்று வீட்டில் எடுத்த பழைய படங்களில் பின்னணியைப் பாருங்கள். மிக்ஸி, கடிகாரம், திரைச்சீலை எல்லாம் சாட்சியாக நின்றுகொண்டிருக்கும். இணையத்தில் வாங்கிய பொருள்களின் பில் அந்தந்தக் கணக்கிலேயே இருக்கும். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வருவதற்குள் முடியவில்லை என்றால் ‘பட்டியல் முழுமையானதல்ல’ என்று எழுதிக் கொடுங்கள்.

எதை வைத்துக்கொள்வது?

உணவு விஷயத்தில் மனம் இரங்கக் கூடாது. பிரிட்ஜ் மூடியே இருந்தது என்பார்கள். பிரிட்ஜ் கதவு புகையைத் தடுக்கும் அளவு இறுக்கமானது இல்லை. சூடுபட்ட டின்கள், பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தவை, மூடி போட்ட புட்டிகள் எல்லாம் குப்பைக்கே. மாத்திரை மருந்தும் அப்படித்தான். இன்சுலின் போன்ற தினசரி மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால், முதல் நாள் மாலைக்குள் புதிதாக வாங்கிவிட வேண்டும். களேபரத்தில் இது மறந்துபோகும். தலையணை, நுரை மெத்தை, குழந்தைகளின் பஞ்சு பொம்மை ஆகியவற்றில் ஏறிய புகை முழுதாகப் போகாது.

துணிகளைத் துவைத்துக் காப்பாற்றலாம். உலர்த்தும் இயந்திரமும் இஸ்திரிப்பெட்டியும் மட்டும் வாடை முழுக்கப் போகும் வரை வேண்டாம். சூடு வாடையை நூலுக்குள் இறுக்கிவிடும்.

காகிதத்துக்கும் புகைப்படத்துக்கும் ஒரு நல்ல வழி உண்டு. நனைந்து ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரிக்க இழுத்தால் முகமே உரிந்து வந்துவிடும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் பல சமயம் தானாகப் பிரியும். நிறைய இருந்து நேரமில்லை என்றால், நனைந்த பத்திரம், புத்தகம், படம் எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் போட்டு, யார் வீட்டிலாவது ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த காகிதத்தில் பூஞ்சை வளராது. ஆவணக் காப்பகங்களே வெள்ளத்திலும் தீயிலும் நனைந்த தொகுப்புகளை இப்படித்தான் காப்பாற்றுகின்றன; அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். பாதி எரிந்த பணத்தாளை வீசிவிடாதீர்கள். பல நாடுகளில் மத்திய வங்கி, மிஞ்சிய அளவைப் பார்த்து மாற்றித் தருகிறது. தொட்டால் உதிரும் நிலையில் இருந்தால் தாள்களைப் பிரிக்காமல் அப்படியே பஞ்சு வைத்து ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போக வேண்டும்.

வாசலுக்கு வரும் ஆட்கள்

தீப்பிடித்த செய்தி பரவினதும் சீர்செய்து தருகிறோம், கிளைம் வாங்கித் தருகிறோம் என்று வாசலுக்கே ஆள் வருவது பல ஊர்களில் நடப்பது. நல்லவர்களும் இருப்பார்கள். ஆனாலும் முதல் இரண்டு நாளில் தார்ப்பாய், பலகை தவிர எந்த வேலைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். தூக்கம் கெட்ட மனதுக்கு எந்த விலையும் நியாயமாகத்தான் தெரியும். கிளைம் தொகையை நேராகத் தங்கள் பேருக்கு எழுதித்தரச் சொல்பவரிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள்.

பெயின்ட் விஷயத்திலும் அவசரம் கூடாது. சுவர் முழுக்கக் காய்வதற்கு முன்பு அடித்தால் உரிந்துவிடும். காய்ந்த பிறகும் சாதாரண பெயின்ட்டை நேராக அடித்தால் சில வாரத்தில் மஞ்சள் கறை மேலே எழும்பும், வாடையும் கூடவே வரும். கறையும் வாடையும் வெளியே வராதபடி மூடும் ஷெல்லாக் பிரைமர் போன்றதை முதலில் அடிக்க வேண்டும். கரியை எடுக்காமல் அதை மட்டும் அடித்து மறைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு என்பதால், பிரைமர் அடிக்கும் முன் வெள்ளைத் துணியால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் வேலை முடியவில்லை.

இன்சூரன்ஸ் நிறுவனம் ‘முழுத் தீர்வு’, அதாவது இனி எதுவும் கேட்க மாட்டோம், என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்கும்போதும் இதே நிதானம் வேண்டும். வீடு சுத்தமாகி, பெயின்ட் அடித்து, குடியேறி, ஒரு மழை நாள் வரட்டும். காற்றில் ஈரம் ஏறும்போது, போய்விட்டது என்று நினைத்த புகை வாடை திரும்ப வந்தால் எங்கோ கரி மிச்சமிருக்கிறது. சுவிட்ச் பெட்டிகளைக் கழற்றிப் பின்னால் பாருங்கள், பொய்க்கூரைக்கு மேலே டார்ச் அடியுங்கள், அலமாரியை நகர்த்தி அதன் பின்பலகையைத் தடவிப் பாருங்கள். கையில் கறுப்பு ஒட்டினால் படம் எடுத்து அனுப்பிவிட்டு, கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.